யானைப் பல்லும் ஆதியின் ஆடும் பல்லும்: திருவனந்தபுரம் மியூசியத்தில் ஒரு வியாழக்கிழமை

வர விருப்பமே இல்லாத பிள்ளைகளை எலும்புக்கூடு பார்க்க அழைத்துப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த மே மாதம், பள்ளி விடுமுறை முடிய பத்து நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை நான் போனேன். எனக்கு வேறு வழி இல்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் ஒரு பல் லேப்பில் பல் செட் செய்கிறேன். பல் டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், நாங்கள் மெழுகில் கட்டி, வார்த்து, பாலிஷ் போட்டு அனுப்புவோம். போன தை மாதம் சுதாவை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டேன். சுதா திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் வேலை பார்க்கிறாள், வீடு ஸ்ரீவராகத்தில். முதல் கல்யாணத்தில் அவளுக்கு இரண்டு பிள்ளைகள். நந்தனாவுக்குப் பன்னிரண்டு வயது, ஆதிக்கு ஏழு. அவர்களுடைய அப்பா வெளிநாட்டில் இருக்கிறார், மாதம் ஒருமுறை போனில் முகம் காட்டுவார். நான் சனிக்கிழமை ரயிலில் எழுபது கிலோமீட்டர் வந்து ஞாயிறு மாலை திரும்பிப் போகும் ஆள். கட்டாயம் வந்தால் மட்டும் 'அங்கிள்' என்பார்கள்.

ஜூனில் திருவனந்தபுரத்திலேயே ஒரு லேப்பில் இடம் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சுதா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டாள். "ஒரு நாள் நீங்க மூணு பேரும் மட்டும் வெளிய போயிட்டு வாங்க. சாயங்காலம் பிள்ளைங்ககிட்ட கேக்கறேன். அதுங்க சரின்னா பெட்டியோட வாங்க. இல்லன்னா இப்படியே சனி, ஞாயிறு இருக்கட்டும்." அவள் சொன்னதில் தப்பே இல்லை.

நந்தனா மால் கேட்டாள். ஆதி ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் அவன் வாயே திறக்க மாட்டான். சாப்பிடும்போதுகூடக் கையால் மறைத்துக்கொண்டுதான் மெல்லுவான். என்னை அவ்வளவு பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். மாலில் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள், பேச்சுக்கே இடமிருக்காது என்று பயந்து நான்தான் மியூசியம் என்றேன்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், இந்தக் கட்டுரையே அதனால்தான். அவர்கள் வீட்டில் மலையாளம்தான், என்னோடு மட்டும் தமிழ். எனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் பாதிப் பேருக்குத் தெரியும். கல்யாணமான முதல் வாரம் நந்தனா என் முன்னாலேயே அம்மாவிடம், "இயாளு எப்பழா போணது?" என்று கேட்டாள். இந்த ஆள் எப்போது போவார் என்று அர்த்தம். சுதாவின் முகம் செத்துவிட்டது. அவளைக் காப்பாற்ற நான் ஒன்றும் புரியாதவன்போல ஃபேனைப் பார்த்தேன். அடுக்களையில் சுதா மெதுவாக, "மனசிலாச்சா?" என்றாள், புரிந்ததா என்று. ஆச்சு என்றேன். "சொல்லண்டாம்" என்றாள், பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று. அன்று ஆரம்பித்த நாடகம் நாலு மாதம் ஓடியது. பிள்ளைகள் என் எதிரில் உட்கார்ந்து என்னைப் பற்றியே மலையாளத்தில் பேசுவார்கள், ஆதி மட்டும் வாயைக் கையால் மறைத்தபடி. நான் பேப்பர் படிப்பேன்.

லீவு போட்டுப் புதன் இரவே வந்திருந்தேன். வியாழன் காலை 9.35-க்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். ஸ்ரீவராகத்திலிருந்து மியூசியம் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். கிழக்கேகோட்டைக்கு நடந்துபோனால் பஸ் நிறைய இருக்கிறது, ஆனால் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் இரண்டு பேரோடு பஸ் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "மக்களாணோ?" என்று கேட்டார். உங்கள் பிள்ளைகளா என்கிறார். மலையாளம் தெரியாதவன் பதில் சொல்ல முடியாது அல்லவா, நான் முழித்தேன். நந்தனா, "அல்ல" என்றாள்.

9.55-க்கு இறங்கினோம். பெரிய மரங்களுக்குக் கீழே நடந்து போனால் மிருகக்காட்சிசாலை, பழைய மியூசியத்தின் சிவப்புக் கட்டடம், நாங்கள் பார்க்கப்போன இயற்கை வரலாற்று மியூசியம் எல்லாம் ஒரே வளாகம். டிக்கெட் எனக்கு இருபது, பிள்ளைகளுக்குப் பத்துப் பத்து. பத்து மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆட்களாக உள்ளே போனோம். வாசலில் இருந்த காவலாளி நல்ல மனிதர், எங்களைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார். "சாவகாசம் கண்டா மதி, வைகுந்நேரம் வரெ உண்டு" என்றார். நிதானமாகப் பாருங்கள், சாயங்காலம் வரை இருக்கிறது என்று அர்த்தம்.

நந்தனா என் பக்கம் திரும்பினாள். "பத்து நிமிஷத்துல பூட்டிடுவாங்களாம், அங்கிள்."

சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "பத்தே நிமிஷமா? அப்போ ஓடித்தான் பாக்கணும், வா மக்ளே!" என்று வேகமாக நடந்தேன். பறவைகள், பாம்புகள், பாடம் செய்த புலி என்று ஓட்டமாக ஓடினோம். புலி முன்னால் மூச்சு வாங்க நின்றபோது அவளே, "கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கும்னு தோணுது" என்றாள். எப்படித் தெரியும் என்று நானும் கேட்கவில்லை.

அப்புறம் எலும்புக்கூடுகள். இங்கே என் தொழில் புத்தி என்னைக் கெடுத்தது. எந்த மண்டையோட்டைப் பார்த்தாலும் எனக்கு முதலில் பல்தான் தெரியும். யானையின் தாடையருகே குனிந்து நின்று என்னை மறந்து பேச ஆரம்பித்துவிட்டேன். "பாத்தியா, நமக்கு ரெண்டு தடவைதான் பல் முளைக்கும். இதுக்குக் கடவாப்பல் ஆறு செட்டு வரும். ஒண்ணு தேய தேய பின்னால இருந்து அடுத்தது தள்ளிக்கிட்டு வரும். அதுக்கு என்னைப் போல ஆள் தேவையே இல்ல." நந்தனா சுவாரசியம் இல்லாமல் கேட்பதுபோல நின்றாள், ஆனால் கண் தாடையில் இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஆதியைக் காணோம். தூணுக்குப் பின்னால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். அழுகிறான்.

நந்தனா ஓடிப்போய் குனிந்தாள். அவன் மலையாளத்தில் சொன்னான்: "அக்கா, என்றெ பல்லு எளகுணு. சோர வருணு." பல் ஆடுகிறது, ரத்தம் வருகிறது என்கிறான். அதோடு நிற்கவில்லை. "இயாளோடு பறயல்லே. இயாளு பிள்ளேருடெ பல்லெடுத்தா செட்டு உண்டாக்கணது."

இவரிடம் சொல்லிவிடாதே, பிள்ளைகளின் பல்லைப் பிடுங்கித்தான் இவர் செட் செய்கிறார். அவ்வளவுதான் விஷயம். மாசி மாதத்தில் ஒரு முறை, முடிக்காத ஒரு செட்டைப் பையில் போட்டு ஊரிலிருந்து எடுத்து வந்திருந்தேன். பையன் அதைத் திறந்து பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து மூன்று மாதமாகப் பிள்ளை என் முன்னால் வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கிறான். பயந்து கிடந்ததை நான் வெறுப்பு என்று நினைத்துக்கொண்டு ரயிலில் முகத்தைத் தொங்கப் போட்டபடி போய்வந்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இதற்குமேல் நாடகம் ஆட முடியாது. அவன் எந்த மொழியில் பயந்தானோ அதிலேயே சொன்னால்தான் நம்புவான். தரையில் உட்கார்ந்தேன். "ஞான் ஆருடேயும் பல்லு எடுக்கூலா, மக்களே" என்றேன். நான் யாருடைய பல்லையும் எடுப்பதில்லை, அந்தப் பற்கள் பிளாஸ்டிக், கடையில் அட்டை அட்டையாக வரும் என்று மலையாளத்திலேயே சொல்லி முடித்தேன். பையிலிருந்து பல் நிறம் பார்க்கும் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளையிலிருந்து பழுப்பு வரை வரிசையாகப் பல் ஒட்டியிருக்கும். அவன் அழுகையை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்து காட்டினான். கீழ் முன்பல், ஒரு நூல் அளவுதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

நந்தனா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்போ நாங்க பறஞ்சது எல்லாம் உங்களுக்கு மனசிலாச்சா?"

"ஆச்சு."

"எப்போ இருந்து?"

"முதல் நாள்ல இருந்து."

"உங்க கொறட்டையப் பத்திப் பறஞ்சது?"

"கேட்டேன்."

"அந்த நீலச் சட்டையக் கேலி பண்ணினது?"

"அதுக்கப்புறம் நான் அதைப் போடல்லியே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க மாட்டேன் என்று நின்றாள். "இது சீட்டிங். அறியாத்த மாதிரி இருந்துட்டு எல்லாம் கேட்டுட்டு இருந்தீங்க."

"தப்புதான். சொல்லியிருக்கணும். நான் இருக்கும்போது நீங்க ரெண்டு பேரும் சுதந்திரமா பேசறதுக்கு அந்த மொழிய விட்டா வேற இடம் இல்லன்னு தோணிச்சு, அதைக் கெடுக்க வேண்டாம்னு இருந்துட்டேன்."

"இனி அதும் போச்சு" என்றாள். அவள் சொன்னது நிஜம். வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். நான் அருகே போகவில்லை. ஆதி நிறஅட்டையை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் பல்லுக்கு நேரே ஒவ்வொரு நிறமாகப் பிடித்துப் பார்த்தான். ஐந்து நிமிஷம் கழித்து அவளே வாயைத் திறந்து காட்டினாள். லேப்பில் வேலை செய்பவனைப்போல அவன் முகத்தைச் சுளித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தது என் வயிற்றில் பால் வார்த்தது.

பிறகு மறுபடியும் உள்ளே போனோம், அவன் கேட்டதால். முதலைக்கு எத்தனை பல் விழுந்தாலும் மறுபடி முளைக்கும் என்று தெரிந்ததும் அதன் முன்னால் இருபது நிமிஷம் நின்றான். காவலாளி ஆச்சரியப்பட்டு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். 12.40-க்கு வெளியே வந்தோம். எதிரே ஒரு சின்னக் கடையில் மூன்று பேருக்கும் ஊண் என்கிற மதியச் சாப்பாடு, பப்படம், பாயசத்தோடு. ஆதி கையால் மறைக்காமல் சாப்பிட்டான். பப்படம் கடித்தபோது பல் தானே வந்துவிட்டது. கழுவி, டிஷ்யூவில் சுற்றி, என் சட்டைப் பையில் வைத்தான். நந்தனா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திங்கட்கிழமை விடுமுறை, புதன்கிழமை முற்பகலும் திறப்பதில்லை என்றார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கட்டணமும் மாறியிருக்கலாம். பத்து மணிக்கே போய்விடுங்கள், பதினொன்றரைக்கு மேல் பள்ளிக்கூட பஸ்கள் வந்தால் எதையும் நின்று பார்க்க முடியாது. மிருகக்காட்சிசாலையையும் அதே நாளில் சேர்க்காதீர்கள், பிள்ளைகளுக்குக் கால் ஓய்ந்துவிடும். தண்ணீர் பாட்டில், தொப்பி அவசியம். எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்ற வெறி வேண்டாம். உங்களுக்கு உண்மையாகப் பிடித்த ஒரு பொருள் முன்னால் நின்று உங்கள் பாட்டுக்குப் பேசுங்கள், அவர்கள் வந்தால் வரட்டும். உங்களுக்கு ஒரு மொழி தெரியும் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

சாயங்காலம் சுதா ஆறரைக்கு வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல், எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். "ஜூன்ல இருந்து இவர் இங்கயே இருக்கட்டுமா, சனி ஞாயிறு மட்டும் போதுமா?" நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். ஆதி என் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டான், பல் அதில்தான் இருக்கிறது. நந்தனா வழக்கம்போல அம்மாவின் பக்கம் திரும்பி, வழக்கம்போல மலையாளத்தில்தான் பேசினாள்.

"இயாளு வந்நோட்டே" என்றாள். வரட்டுமே என்று.

சொல்லிவிட்டு, கேட்டதா என்று என்னைப் பார்த்தாள்.