பஞ்சமி வீடு

போன வருடம் வரைக்கும் சந்திரவதனாவை எங்கள் தெருவில் பிடிக்காதவர்கள் இல்லை. இப்போது அவள் பெயரை எடுத்தாலே கோயிலில் பெண்கள் உதட்டைச் சுழிக்கிறார்கள். சுழிக்கிற ஒவ்வொருத்திக்கும் சொந்த வீடு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டோடு சுவர் ஒட்டிய வீட்டில் இருந்தாள். அவள் வீடு என்றுதான் நாங்கள் சொல்வோம். உண்மையில் அது பஸ்தியாம்பிள்ளையின் வீடு. அவளும் கணவர் நடேசலிங்கமும் வாடகைக்கு வந்த காலத்தில் மனிதருக்கு நல்ல வேலை, கையில் காசும் இருந்தது. வாங்கியிருக்கலாம். "விலை விழும், பொறு" என்றார். விலை ஏறியது. "உச்சிக்கு வந்திட்டுது, இனி விழும்" என்றார். ஒரு தடவை உண்மையாகவே விழுந்தது. "இன்னும் விழும்" என்று காத்திருந்தார், அது மறுபடி ஏறிவிட்டது. எலிசபெத் லைன் ரயில் வருகிறது என்றதும் எங்கள் தெருவுக்கே கொம்பு முளைத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முன்னறை சோபாவில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து போனார். பிள்ளைகள் இல்லை. டூட்டிங்கில் இருக்கும் அவருடைய தம்பி இராஜேந்திரன்தான் ஐயரைப் பிடித்து, நாள் பார்த்து, கடமைகளைச் செய்தான்.

அதன் பிறகு அவள் பள்ளிக்கூடச் சமையலறை வேலையில் பழைய வாடகையைக் கட்டிக்கொண்டு தனியே இருந்தாள். பஸ்தியாம்பிள்ளை ஒருநாள் வந்து, "பிள்ளை, வீட்டுக் கடன் வட்டி ஏறிப்போச்சு, புதுச் சட்டமும் வருகுது. இனி வைச்சிருந்து எனக்குக் கட்டாது. விக்கப்போறன்" என்றார். இன்றைய வாடகைக்கு அவள் சம்பளத்தில் ஒரு அறைதான் கிடைக்கும். கவுன்சிலில் அரசாங்க வீடு கேட்டாள். தனி ஆள், நோய் வருத்தம் இல்லை, கிழவியும் இல்லை. வரிசையில் கடைசி என்றார்கள். வீடு விற்றால் அவளுக்கு வீடு இல்லை, அவ்வளவுதான்.

வீட்டு ஏஜென்ட் றொமேஷ் வந்து கட்டளைகள் போட்டான். "அன்ரி, ஆக்கள் பாக்க வாற நாளிலை மீன் பொரிக்க வேண்டாம். மணம் விலையைக் குறைச்சுப்போடும்." தன்னைத் துரத்தப்போகிற வீட்டை அவளே தேய்த்துக் கழுவி, பூவும் வாங்கி வைத்தாள். எனக்குப் பற்றி எரிந்தது.

முதலில் வந்தது நம்மவர் ஒரு சோடி. கோயிலுக்குக் கிட்ட என்பதால் எங்கள் தெருவில் வீடு பார்க்க வருவது பெரும்பாலும் நம்மவர்தான். புருசன் றொமேஷோடு மாடியில் நிற்க, மனைவி குசினிக்குள் அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, வீடு ராசியோ?"

நம்மவர் எல்லோரும் கேட்கிற கேள்வி. நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"என்ரை அவர் முன்னறையிலைதான் மோசம் போனவர்" என்றாள் சந்திரவதனா. கொஞ்சம் பொறுத்து, "பஞ்சமியிலை" என்றாள்.

சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அது பஞ்சமிச் சாவு. வீட்டைப் பூட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பது நம்மவர் பயம். அந்தப் பெண் மாடிக்குக் கூட ஏறவில்லை. புருசனைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

"வாய் தவறி வந்திட்டுது அக்கா" என்றாள் சந்திரவதனா என்னிடம். இரண்டாம் முறை தவறி வரவில்லை. மூன்றாம் முறை கண்ணையும் துடைத்துக்கொண்டாள். நல்ல நாளில் போன மனிதரை வருகிற ஒவ்வொருவருக்கும் முன்னால் கூடாத நாளில் சாகடித்தாள். நான் சிரித்தேன். அவள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

றொமேஷுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அங்கிள், மார்க்கெட் டல். பட்ஜெட் முடியட்டும், வட்டி இறங்கட்டும்" என்று பஸ்தியாம்பிள்ளைக்கு வகுப்பு எடுத்தான். விலையைக் குறைத்தார்கள். மறுபடியும் குறைத்தார்கள். லண்டன் பொருளாதாரத்தை ஒரு சமையலறைக்காரி ஒற்றைச் சொல்லால் பிடித்து வைத்திருந்தாள்.

கதை டூட்டிங் வரைக்கும் போனது. இராஜேந்திரன் வந்தான். மூன்று வீடு வாங்கி அறை அறையாக வாடகைக்கு விட்டிருப்பவன். பஸ்தியாம்பிள்ளையிடம், "ஐயா, இது பஞ்சமி வீடு. சைவ ஆக்கள் ஒருத்தரும் தொடமாட்டினம். எனக்கு அவர் சொந்த அண்ணை, நான் பயப்பிட ஏலுமோ?" என்று விலையை இன்னும் கீழே இழுத்தான்.

பஸ்தியாம்பிள்ளை வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர். பஞ்சமி கிஞ்சமி தெரியாது. நேரே வந்து கேட்டார். "உண்மையோ பிள்ளை?"

இல்லை என்றால் அவள் பொய்க்காரி, விலையும் ஏறி யாரோ வாங்குவான். ஓம் என்றால் இராஜேந்திரன் வாங்குவான். கணவரின் தம்பி வாங்கினால் தன்னை வீட்டை விட்டு எழுப்பவா போகிறான் என்று நினைத்தாள், பாவி.

"ஓம்" என்றாள்.

வீட்டை அவன் பெயருக்கு எழுதி முடிந்த அன்று ஆட்டிறைச்சி வாங்கிச் சமைத்து இராஜேந்திரனைக் கூப்பிட்டாள். அவன் வடிவாகச் சாப்பிட்டான். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "அண்ணி, பால் காய்ச்ச நாள் எடுத்திட்டன். அதுக்கு முதல் சாமானை எடுக்கவேணும்" என்றான்.

"நான் எங்கை போறது தம்பி?"

"மேலை சின்ன அறை தரலாம். மார்க்கெட் ரேட்தான். உங்களுக்குக் குறைச்சா மற்ற ஆக்களும் கேப்பினம்."

"உன்ரை அண்ணை செத்த வீடடா இது!"

அவன் கோபிக்கவே இல்லை. "அண்ணை பஞ்சமியிலை சாகேல்லையே அண்ணி. ஐயரைக் கேட்டு நாள் பாத்தது நான்தானே."

அவனுக்கு முதலிலேயே தெரியும். வாங்க வந்தவர்களில் அந்த வீட்டின் உண்மையான விலை தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

பால் காய்ச்சிய அன்று தெருவுக்கே சாப்பாடு. வந்தவர்களிடமெல்லாம் இராஜேந்திரன், வீட்டில் தோஷம் ஒன்றும் இல்லை, அண்ணி வீட்டை விடாமல் இருக்கக் கட்டிய கதை அது என்று சொல்லி விளங்கப்படுத்தினான். அறைகளுக்கு ஆள் வரவேண்டும் அல்லவா? கோயில் பெண்கள் பாயசத்தைக் குடித்துக்கொண்டே உதட்டைச் சுழித்தார்கள். புருசனின் சாவைக் கொண்டு பொய் சொன்னவளாம். நான் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

இப்போது வால்தம்ஸ்டோவில் ஒரு கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறாள். குசினி நாலு பேருக்குப் பொது. போன கிழமை பார்க்கப் போனேன். கட்டிலில் அவளும் நானும் உட்கார, நடேசலிங்கத்தின் படம் தலையணைக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடவில்லையாம். முன்னறையை இராஜேந்திரன் எவ்வளவுக்கு விட்டிருக்கிறான் என்று கேட்டாள். அதுதான் பெரிய அறை, அதற்குத்தான் கூடின வாடகை என்றேன்.

அவள் படத்தை எடுத்து மடியில் வைத்தாள்.

"விலை விழும், விழும் எண்டு சொல்லிச் சொல்லியே செத்த மனுசன் அக்கா. கடைசியிலை அவரின்ரை சாவாலைதான் விழுந்தது. விழுத்தினது நான். வாங்கினது தம்பி."