சேதாரத்துக்கு அஞ்சாத அண்ணாச்சி

தி.நகரில் நகைக்கடை வைத்திருந்த ஆறுமுகம் அண்ணாச்சி காலமாகிவிட்டார். அவர் மகன் செல்வம் போன் செய்தபோது நான் ராயப்பேட்டையில் ஒருவருக்குக் கார் காட்டிக்கொண்டிருந்தேன். "அப்பா தூக்கத்துலயே போயிட்டாங்க அங்கிள்" என்றான். முந்தின ஞாயிறுதான் நாங்கள் இருவரும் அவருடைய சிவப்புக் காரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீறிக்கொண்டு போனோம்.

இரண்டே இருக்கை உள்ள அந்த ரேஸ் காரை அவருக்கு வாங்கித் தந்த தரகன் நான்தான். உலகத்திலேயே கொஞ்சம்தான் செய்தார்கள். உறை போட்டு நிறுத்தி வைத்தால் விலை தங்கம் மாதிரி ஏறும். "கிலோமீட்டர் ஏறுனா வெல எறங்கும் அண்ணாச்சி, இன்னாத்துக்கு ஓட்டிக்கினு கீறீங்க" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். "சேதாரம் இல்லாம எந்த நகை வே செய்ய முடியும்? ஓட்டுதப்போ கொறையுதது சேதாரம். அதக் கழிச்சிட்டு ஏறி உக்காரும்." நகை செய்கையில் வீணாகிற பொன்னுக்கு ஊரிடமெல்லாம் சேதாரம் வாங்கிய மனிதர், தன் காருக்கு மட்டும் தானே சேதாரம் கொடுத்தார். அவரோடு பேசி ஜெயிக்க முடியுமா?

மயிலாப்பூர் வேகத்தடைகளில் அந்தக் காரின் அடிவயிறு உரசும். குறுக்காக வளைத்து, அங்குலம் அங்குலமாக ஏற்றுவார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தே மாளும். "புது மாப்ள வே, கொஞ்சம் கோணிக்கிட்டுதான் வருவாரு" என்பார்.

அடையாறு சிக்னலில் ஒருமுறை ஆட்டோக்காரர் ஒருவர் தலையை நீட்டினார். "நைனா, மைலேஜ் இன்னா குடுக்குது?"

"லிட்டருக்கு நாலு."

"ஐய, இதுக்கு நம்ம ஆட்டோவே தேவலப்பா."

பச்சை விழுந்தது. அண்ணாச்சி அழுத்தினார் பாருங்கள், என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. வயிறு சிக்னலிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஆட்டோக்காரர் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு செல்வம் கேட்டான். "மும்பையில ஒருத்தர் நல்ல விலை சொல்றார் அங்கிள். இனிமே ஒரு கிலோமீட்டர்கூட ஓடக் கூடாதாம். ஏசி ரூம்ல நிறுத்தி வெச்சுடுவாராம். குடுத்துடலாமா?" எனக்கும் கமிஷன் உண்டு. ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஒரு தபா ஓட்டிப் பாத்துட்டுக் குடு."

"ஓட்டினா பேரம் போயிடுமே."

"போனா போவட்டும் செல்வம்."

திருவான்மியூர் தாண்டும்வரை மெதுவாகத்தான் ஓட்டினான். சாலை விரிந்ததும் அழுத்தினான். என்ஜின் அலறியது, அவனும் அலறினான். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. கோவளத்துக்கு முன்னால் ஓரங்கட்டினான். ஸ்டியரிங்கை விடாமல் சொன்னான்: "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அப்பா முதல்ல என்னைத்தான் எழுப்புவாங்க. நான் வரலைன்னதும்தான் உங்களைக் கூப்பிடுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் நான் உட்கார்ந்திருந்தது அவன் இடத்தில்.

மும்பைக்காரருக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. வரும் ஞாயிறு செல்வத்தின் அம்மா ஏறுகிறார்களாம். நான் இப்போதெல்லாம் கார் பார்க்க வருகிறவர்களிடம் விலை பேசும் முன் ஒன்று கேட்கிறேன்: "பக்கத்துல யாரு உக்காரப் போறாங்க?" அண்ணாச்சியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது இந்தக் கேள்விதான்.