ஊசி அள்ளிய ஒரு பிடி

என்னோடு தேயிலைக் கொழுந்து பறிக்கும் பாக்கியம்தான் முதலில் பார்த்தாள். மலையில் சற்று உட்கார்ந்து, அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். "அக்கா, ஒங்க கழுத்துல ஏதோ ஏறி எறங்குது" என்றாள். தடவிப் பார்த்தேன். இடது பக்கம் புளியங்கொட்டை அளவில் ஒன்று. வலியே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

கஹவத்தை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். தைரொயிட் சுரப்பியில் (கழுத்தின் முன்புறம் இருக்கும் சுரப்பி) ஒரு கட்டி. இரத்தினபுரி கிளினிக்கில் ஊசிப் பரிசோதனை (மெல்லிய ஊசியால் கட்டியின் உயிரணுக்களை எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். ஊசி எறும்புக்கடி மாதிரிதான் இருந்தது. ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த மூன்று வாரம்தான் என்னைக் குதறிப்போட்டது.

ரிப்போர்ட்டில் மூன்று என்று இருந்தது. புற்றுநோய் மூன்றாம் கட்டம் என்றே நினைத்தேன். டொக்டர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். அது நோயின் கட்டமில்லை. முடிவுகளை ஆறு வகையாகப் பிரிப்பார்கள், இது மூன்றாவது வகை (நல்லதா கெட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாதது). பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும், மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுப்போம் என்றார். உங்களுக்கும் இப்படி ஓர் எண் வந்தால், அது எதைக் குறிக்கும் எண் என்று முதலில் கேளுங்கள்.

அந்த மூன்று மாதமும் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். மகளுக்குப் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை வருகிறது, அதுவரையாவது இருப்பேனா என்று உள்ளுக்குள் அழுதேன்.

இரண்டாவது ஊசியில் இரண்டாம் வகை வந்தது. புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை. என் வீட்டுக்காரர் கிளினிக் வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாமி கண்ணத் தொறந்துட்டாருடி" என்றார். எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை.

காரணத்தை வெட்கத்தோடு சொல்கிறேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார். அது இளசாக இருந்தால் முழுச் சாக்கும் தேறிவிடும். அவர் கை எங்கே இறங்கும் என்று எங்களுக்குத் தெரியும். முத்தல் இலையை அடியில் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் நல்ல கொழுந்தை வைப்போம். பல வருடமாக நானே செய்த வேலை. ஒரு பிடி எப்படி ஏமாற்றும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒன் களவாணிப் புத்தி ஒன் கட்டிக்கும் இருக்குமாக்கும்" என்று சிரித்தார். நான் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் தனியாகவே பஸ் ஏறினேன். மடுவத்துக் கதையை டொக்டரிடம் அப்படியே ஒப்பித்துவிட்டு, கட்டியை வெட்டி எடுத்துவிடுங்கள் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஊசி தவறவிடலாம், அதற்கு வாய்ப்புக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். அதனால்தான் ஸ்கேனில் பார்த்தபடியே கட்டியின் வெவ்வேறு இடங்களில் குத்தி எடுத்ததாகவும், ஸ்கேனில் தெரிந்த கட்டியின் உருவமும் நல்லதாகவே இருப்பதாகவும் விளக்கினார். வெட்டினால் குரல் நரம்பில் காயம் படலாம், ஆயுள் முழுக்க மாத்திரை தேவைப்படலாம். வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதே இப்போதைக்கு வைத்தியம் என்றார்.

எப்போது வரவேண்டும் என்று கேட்டேன். அடுத்த வருடம் என்று சொல்லி, கிளினிக் கொப்பியில் திகதி போட்டுக் கொடுத்தார்.

பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். கை இன்னும் தானாகவே கழுத்துக்குப் போகிறது. என் உடம்பை முன்போல முழுசாக நம்பவும் முடியவில்லை.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் கேட்டாள்.

"இனி ஒண்ணும் இல்லையாம்மா?"

"தெரியாது புள்ள. அடுத்த வருஷம் கேளு, சொல்றேன்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். அடுத்த வருஷம் என்ற சொல் என் வாயில் வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.