ஒரு கன்றுக்கு இரண்டு தகப்பன்

புளியங்குளம் பக்கத்தில் என்னை மாட்டு டொக்டர் என்பார்கள். நான் டொக்டர் இல்லை. பசுக்களுக்குச் சினை ஊசி போடுகிற உத்தியோகத்தன். மோட்டார் சைக்கிளின் பின்னால் குளிர்க் குடுவை, தோள்பையில் ஒரு நீலப் பதிவேடு. எந்தப் பசுவுக்கு எந்த நாளில் எந்தக் காளையின் விந்து போட்டேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். தகப்பன் என்ற நிரலில் ஓர் இலக்கம். அந்தப் பதிவேட்டால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

வாயும் கொஞ்சம் நீளம். ஊசி போட்ட அன்றே பசுவை ஊர்க் காளையோடும் சேரவிட்டால், பிறகு கன்று யாருடையது என்று சொல்ல முடியாது. அப்படி விட்டவர்களை நான் பேசுகிற பேச்சுக்கு வேலியில் இருக்கிற ஓணானும் இறங்கி ஓடும்.

அங்கே ஓர் ஒழுங்கையில் ஒரு பெண் தனியாக ஒரு சிவப்புப் பசுவோடு இருந்தாள். அந்தப் பசுவுக்கு இரண்டு முறை ஊசி தவறி, மூன்றாம் முறைதான் சினை பிடித்தது. அடுத்த வளவில், மலையகத்திலிருந்து சின்ன வயதில் பெற்றோரோடு வந்து குடியேறிய ஓர் அண்ணை. அவருக்கும் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. போர் முடிந்து ஊருக்குத் திரும்பி வந்த வருஷம், தாய் செத்த கன்று ஒன்றை எடுத்துப் போத்தலில் பால் கொடுத்து வளர்த்தார்கள். நெற்றியில் வெள்ளை. அது பெரிய காளையாகி வண்டி இழுத்தபோதும் அதை அவர் ‘தம்பி’ என்றுதான் கூப்பிட்டார். “உங்களுக்குத் தம்பியெண்டா அக்காவுக்குக் கொழுந்தன்” என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அந்தத் தம்பியை ஒருநாள் காலை ரயில் அடித்துவிட்டது. தண்டவாளத்துக்கு அப்பால் புல் நன்றாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். இரண்டு மாதம் கழித்துச் சிவப்புப் பசு கன்று ஈன்றது. நாகு, பெட்டைக் கன்று. நெற்றியில் வெள்ளை.

அடுத்த நாளே அண்ணை என்னை வழியில் மறித்தார்.

“ஐயா, அந்தக் கன்னுக்குட்டி நம்ம தம்பியோட புள்ளதானே? நீங்க ஊசி போட்ட அன்னிக்கே அந்தத் தங்கச்சி பசுவ இங்கயும் கொண்டாந்து விட்டுச்சு. இப்ப கேட்டா இல்லைங்குது.”

நான் அவளிடம் போய்க் கேட்டேன். நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்: “இல்லை ஐயா. ஊசிக் கண்டுதான். நான் ஒரு இடமும் கொண்டு போகேல்லை.”

எனக்கு அது போதும். திரும்பி வந்து அண்ணைக்கு முன்னால் பதிவேட்டை விரித்தேன். “இதில இருக்கிறதுதான் தகப்பன். நெத்தி வெள்ளை ஆயிரம் மாட்டுக்கு இருக்கும்.”

அவருக்கு வாசிக்கத் தெரியாது. அந்த இலக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். “அப்ப தம்பியோடது ஒன்னும் மிச்சம் இல்லீங்களா?” என்றார்.

“ஒண்டும் இல்லை” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போடலாம் போலிருக்கும்.

பிறகு நான் போகும் நாட்களில் எல்லாம் பின்னேரம் அவர் வேலியடியில் நின்றார். உள்ளே வரமாட்டார். கன்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார், பிறகு போய்விடுவார்.

சில வாரங்களில் கன்றின் காதில் இலக்கம் குத்தப் போனேன். கன்றைப் பிடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று அழத் தொடங்கினாள்.

“பொய் சொல்லிப்போட்டன் ஐயா. ரெண்டு தரம் ஊசி பிழைச்சுப் போச்செண்டு, நீங்கள் போன கையோட அண்ணையின்ர காளைக்கும் விட்டனான். நீங்கள் பேசுவியள் எண்ட பயம். அந்த மனிசன் வேலியில வந்து நிக்கிறதைப் பார்க்கேலாமல் கிடக்கு.”

அவளை எப்படி ஏசுவது? தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றவன் நான்தானே.

பயிற்சிக் காலத்தில் ஒரு விரிவுரையாளர் இங்கிலாந்துப் பந்தயக் குதிரைகளைப் பற்றிச் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. ஒரே பருவத்தில் இரண்டு ஆண் குதிரைகளோடு சேர்ந்த பெட்டைக்குக் குட்டி பிறந்தால், பழைய வம்சப் புத்தகத்தில் இரண்டு பெயரையும் எழுதி வைப்பார்களாம். எது சரி என்று இன்னும் வழக்காடுகிறார்களாம். செத்த குதிரைகளின் எலும்பை எடுத்துச் சோதித்தபோது சில இடத்தில் புத்தகமே பிழை என்று வந்ததாம். அன்று வகுப்பே சிரித்தது. தெரியாததைத் தெரியாது என்று எழுத அந்த மனிதர்களுக்கு வெட்கம் இருக்கவில்லை. எனக்குத்தான் இருந்தது.

பதிவேட்டைத் திறந்து இலக்கத்துக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு சொல் எழுதினேன். மேலதிகாரி கேட்டால் கேட்கட்டும். சோதிக்க ஏதும் வழி இருந்திருக்கலாம், நான் தேடவில்லை. வேலிக்கு மேலால் அண்ணையைக் கூப்பிட்டேன். படலையடியில் வந்து நின்றார். வாசித்தேன்: இலக்கத்தைச் சொல்லி, “இல்லாட்டி, தம்பி.”

“இன்னொருக்கா வாசிங்க ஐயா.”

இன்னொரு தரம் வாசித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

அவள் படுத்திருந்த கன்றின் முதுகில் தட்டினாள்.

“எழும்படி. பெரியப்பா வந்து நிக்கிறார்.”