நீலச் சிப்பின் மேல் போட்ட பழி

என் கேமராவை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். என்னைச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன். கிழக்குத் தாம்பரத்தில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். என்னிடம் இரண்டு கேமராக்கள் இருக்கின்றன. ஒன்று, தோளில் வைத்து எடுக்கும் பழைய மூன்று சிப் கேமரா. இன்னொன்று சின்னது, புதுசு, ஒரே சிப். பழையதை நான் தூக்குவேன், புதியதை என் மனைவி பிடிப்பாள்.

மூன்று சிப் என்றால் என்னவென்று ரொம்ப நாள் வாய்ப்பேச்சாகத்தான் எனக்குத் தெரியும். ஒருமுறை, மண்டபத்துப் படியில் விழுந்து உயிரை விட்ட கேமரா ஒன்று ஓசியில் கிடைத்தது. விடுவேனா? சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினேன். லென்ஸுக்குப் பின்னால் பெருவிரல் அளவில் ஒரு கண்ணாடிக் கட்டி. அதன் மூன்று பக்கங்களிலும் வெளிச்சத்தைப் படமாக்கும் மூன்று சிப்கள் ஒட்டியிருந்தன. அவற்றைப் பெயர்த்துவிட்டுக் கட்டியை ஜன்னல் பக்கம் பிடித்தேன். அடேயப்பா! ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை, இன்னொரு பக்கம் நீலம். உள்ளே போனதோ வெறும் பகல் வெளிச்சம். "இதுக்கா காலைலேருந்து மேசைய அடைச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?" என்று கரண்டியோடு வந்த மனைவி, பிறகு அவளே பத்து நிமிஷம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது.

ஒரே சிப் கேமராவில் இந்தக் கட்டி கிடையாது. சிப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளிமேலும் சிவப்போ பச்சையோ நீலமோ ஒரு துளி வண்ணத் தடுப்பு இருக்கும். ஒரு புள்ளிக்கு ஒரு நிறம்தான் தெரியும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை விசாரித்து யூகித்துக்கொள்ளும். மூன்று சிப்பில் அந்த யூகத்துக்கு வேலையில்லை, நிறத்துக்கு ஓர் ஆள். ஆனால் அதில் ஒரு வம்பும் உண்டு. மூவரில் ஒருவன் சோர்ந்துபோனால் படம் முழுக்க நிறம் சாய்ந்துவிடும். நீலம் குறைந்தால் எல்லாம் மஞ்சளடிக்கும்.

போன வருடம் செம்பாக்கத்தில் ஒரு வீட்டில், பெண் குழந்தைக்கு முப்பதாம் நாள் தொட்டில் போட்டார்கள். அந்தக் குழந்தையின் அம்மாவுக்குக் கல்யாணமும் வளைகாப்பும் எடுத்தவன் நானே. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். தெருவில் தண்ணி லாரி குறுக்கே நின்று அரை மணி நேரம் போக, சிடுசிடுவென்றுதான் உள்ளே நுழைந்தேன். கூடம் முழுக்கச் சாமந்தி, பின்னால் மஞ்சள் துணித் திரை. குழந்தையைக் கஸ்தூரி மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிக் கொண்டுவந்தார்கள். "பொம்பளப் புள்ள இல்லையா, தினம் மஞ்சள்தான். தக்காளி மாதிரி கலர் வரும் பாருங்க," என்றார் அவளுடைய மாமியார்.

நான் வழக்கம்போல் குழந்தையின் அப்பாவுடைய வேட்டியைக் கேமராவுக்குக் காட்டி, 'இதுதான் வெள்ளை' என்று பட்டனை அழுத்தி நிறுத்திக்கொண்டேன். மனைவியின் கேமராவில் எல்லாம் ஆட்டோமேட்டிக். எது வெள்ளை என்பதை அதுவே முடிவு பண்ணிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தால், ஒட்டவேயில்லை. புதியதில் குழந்தை ரோஜாப்பூ மாதிரி இருந்தது. என்னுடையதில் மஞ்சள். அடச்சே, நீலச் சிப் மண்டையைப் போட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். ஆனாலும் வேலை நடக்க வேண்டுமே. என் படத்தில் நீலத்தை ஏற்றி ஏற்றி, குழந்தையைப் புதிய கேமராவின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, வேட்டி என்ன சொட்டு நீலத்துல முக்கின மாதிரி இருக்கு?"

"வேட்டிய எவன் பார்க்கப்போறான்? போய் வேலையப் பாரு," என்றேன்.

அன்று சாயங்காலமே ஒரு நிமிஷத் துண்டு ஒன்றைச் செய்து குழந்தையின் அப்பாவுக்கு அனுப்பினேன். அவர்களுடைய வாட்ஸப் குழுவில் ஒரே பாராட்டு என்று திருப்பி எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை குழந்தையின் அம்மா போன் பண்ணினாள். குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. அந்த வீடியோல பாப்பா கலர் ஏதாவது மாத்தினீங்களா?"

வந்ததே எனக்குக் கோபம். "என்னம்மா இது, இத்தனை வருஷமா எடுக்கறேன். இருக்கறத இருக்கற மாதிரிதான் குடுத்திருக்கேன். நான் ஏன் மாத்தறேன்?"

"இல்லண்ணா, சும்மாதான் கேட்டேன். சரிண்ணா," என்று வைத்துவிட்டாள்.

"ஏன் பொய் சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"கேமரா பழுதுன்னு நானே தண்டோரா போடணுமா?"

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. இந்தத் தொழிலில் என்னிடம் கலரைக் கூட்டு, முகத்தை வெளுப்பாக்கு என்று கேட்டவர்கள்தான் உண்டு. மாற்றினாயா என்று கேட்டவள் இவள் ஒருத்தி. அப்படி என்ன பார்த்துவிட்டாள்?

மத்தியானம் மூன்று சிப்பை எடுத்து, ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி அதை எடுத்தேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எவ்வளவு வருகின்றன என்று தனித்தனிக் கோடாகக் காட்டும் வசதி கம்ப்யூட்டரில் உண்டு. மூன்று கோடும் ஒரே உயரத்தில் நின்றன. நீலச் சிப்புக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு தொட்டில் படத்தை, நான் கைவைக்காத அசலை, போட்டேன். வேட்டியில் மூன்றும் சமம். குழந்தையைத் தாங்கியிருந்த அம்மாவின் கை எப்போதும் போன்ற மாநிறம். குழந்தை கண்ணைத் திறந்த ஓர் இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கினேன். விழியின் வெள்ளையில் நீலம் மட்டும் தொப்பென்று கீழே கிடந்தது.

அப்படியென்றால் மஞ்சள் என் கேமராவில் இல்லை, குழந்தையின் கண்ணில்தான். இதில் புதிய கேமராவைத் திட்டிப் புண்ணியமில்லை. கூடம் முழுக்க மஞ்சளைப் பார்த்து, அதைக் குறைக்க வேண்டும் என்று அதுவாக நினைத்துக்கொண்டது. குழந்தையின் மஞ்சளும் அதோடு சேர்ந்து போய்விட்டது. அசல் கையில் இருந்தும் அந்த மஞ்சளை அழித்த மடையன் நான்தான்.

நாலு மணிக்கு அவளைக் கூப்பிட்டேன். "அம்மா, காலைல பொய் சொல்லிட்டேன். கலர் மாத்தினேன். பாப்பா கண்ணு மஞ்சளா இருக்கும்மா."

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "பத்து நாளா சொல்றேண்ணா. கண்ணு மஞ்சளா இருக்கு, ஆயி வெள்ளையா போகுதுன்னு. மஞ்சள் பூசறதால அப்படித் தெரியுது, பொறந்த குழந்தைக்கு எல்லாம் வர்றதுதான், காலை வெயில்ல காட்டுன்னு சொல்றாங்க. நேத்து உங்க வீடியோவ காட்டி, பாரு எவ்ளோ சிவப்பா இருக்கா, உனக்குத்தான் மனசு சரியில்லன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க."

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அந்த வீட்டுக் கூடத்தில் அசலைப் போட்டுக் காட்டினேன். நான் செய்த தில்லுமுல்லையும் சொன்னேன். அவமானமாகத்தான் இருந்தது.

"மஞ்சள் பூசின உடம்பு, அப்படித்தான் தெரியும்," என்றார் மாமியார்.

"கண்ணுக்குள்ள யாரும்மா மஞ்சள் பூசுவாங்க?" என்று கத்திவிட்டேன். அடுத்தவர் வீடு என்றுகூடப் பார்க்கவில்லை.

குழந்தையின் அப்பா திரையருகே குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார், குழந்தையின் கண்ணைப் பார்த்தார், மறுபடி வேட்டியைப் பார்த்தார். கார் சாவியை எடுத்தார்.

குரோம்பேட்டையில் பார்த்த குழந்தை மருத்துவர் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கல்லீரலிலிருந்து பித்தம் வெளியே வர வழியில்லாமல் அடைத்திருந்ததாம். அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்களாம். இப்போது ரத்தப் பரிசோதனை நன்றாக வருகிறது, தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் நானும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "என்னை மன்னிச்சுடும்மா. காலைல கேட்டப்பவே உண்மையச் சொல்லியிருக்கணும்," என்றேன்.

"பரவாயில்லண்ணா, சாயங்காலமாவது சொன்னீங்களே," என்றாள். குழந்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க மாத்தலன்னு சொன்னதும், எனக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைச்சேன். போனை வெச்சிட்டு, நானே என் கையால பாப்பாவுக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினேண்ணா."