வெள்ளிக்கிழமை கட்டிய வீட்டுக்கடன்

குருக்கள்மடத்து வீதியோரத்தில் எருமைத்தயிர் விற்கும் அன்னப்பூரணிக்கு வயது நாற்பத்தேழு. கல்வீடு கட்ட நாலு வருடத்துக்கு முன் வங்கியில் இருபத்தைந்து இலட்சம் எடுத்திருந்தாள். பத்து வருடக் கடன். வட்டி வீதம் கடைசிவரை மாறாது. ஐம்பத்து மூன்று வயதுவரை தவணை கட்ட அவளுக்கு மனமில்லை. சட்டி சட்டியாகத் தயிர் விற்றுச் சேர்த்ததை முன்கூட்டியே கட்டிக் கடனைச் சுருக்கவேண்டும் என்பதே அவளுடைய ஆசை.

தமிழ் பேசும் ஊரில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது வங்கிக்கு வெட்கமாகப் படவில்லை. அன்னப்பூரணி அதைக் கைப்பேசிக் கமராவில் பிடித்து, வரிவரியாகத் தமிழாக்கிப் படித்தாள். எட்டாம் பிரிவில் விசயம் கிடந்தது. கடன் எடுத்தது மார்ச் பதினைந்தில். ஆண்டுதோறும் அந்தத் தேதிக்கு முந்திய ஒரு மாதத்துக்குள், மிச்சக் கடனில் பத்து வீதம்வரை தண்டமில்லாமல் கட்டலாம். தேதி தாண்டினால் நூற்றுக்கு ஐந்து ரூபா தண்டம்.

போன வருடம் மார்ச் பதினைந்து சனிக்கிழமை. வங்கி திறந்திருக்கும் கடைசி நாள் வெள்ளி. வெள்ளிக்கிழமை வீட்டுக் காசை வெளியே கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்று கணவன் அழகரத்தினம் தடுத்தான். திங்களன்று ஒன்றரை இலட்சம் கட்டப் போனவளிடம் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபா தண்டம் வாங்கினார்கள்.

இந்த வருடம் அதே தேதி ஞாயிற்றுக்கிழமை. கல்யாண வீடொன்றுக்குக் கொடுத்த தயிரின் காசு வியாழன் பின்னேரம்தான் கைக்கு வந்தது. மறுநாள் காலை ஒரு இலட்சத்து அறுபதாயிரத்தைப் பையில் வைத்தாள்.

"இண்டைக்கு வெள்ளி, புள்ள!" என்றான் அழகரத்தினம்.

"இண்டைக்குத் தயிர் வாங்கிற சனம் காசு தந்தா வேணாமெண்டா சொல்லுவீங்க?"

"அது... வாற காசு."

"அவங்கட வீட்டில இருந்து போற காசுதானே! அவங்கட லட்சுமி வரலாம், எங்கட லட்சுமி போகப்படாதோ? வட்டி வெள்ளிக்கிழமையும்தான் ஏறுது. நான் போறன்."

அன்னப்பூரணி பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மட்டக்களப்பு வங்கியில் கடன் பிரிவு அலுவலர் றம்ஸீன் ஜும்ஆவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தொழுகை முடிந்து அவர் திரும்பும்வரை அன்னப்பூரணி வாங்குப் பலகையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"முற்பணமாப் போட்டுவிடுறன் அக்கா. நாலு மாசத்துக்குத் தவணை கட்டத் தேவல்ல" என்றார் றம்ஸீன்.

"வேணாம் தம்பி. அப்பிடிப் போட்டா வட்டி குறையாது. கடன்ட முதலில கழியுங்க, தவணை மாறாம காலத்தக் குறையுங்க. எட்டாம் பிரிவு, தண்டமும் இல்ல. இந்தாங்க கடிதம்."

தமிழில் எழுதிய கடிதம். றம்ஸீன் ஒப்பந்தத்தைப் புரட்டினார். எட்டாம் பிரிவை இரண்டு தரம் வாசித்தார்.

"ஆறு வருசமா இந்த மேசையில இருக்கன். இதக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்."

"நீங்க சொன்னாத்தானே தம்பி சனம் கேட்கும்? சுவரில தமிழில எழுதி ஒட்டுங்களன்."

பக்கத்து மேசைக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். றம்ஸீனும் சிரித்தபடி புதிய தவணைப் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தார். அன்னப்பூரணி கடைசி வரிசைகளை விரலால் தடவி எண்ணினாள். பழைய பட்டியலில் இருந்த எட்டுத் தவணைகள் இதில் இல்லை. படியிறங்கும்போதே கணவனுக்கு அழைப்பெடுத்தாள்.

"இஞ்சேருங்க, எட்டு மாசம் போயிட்டு!"

"ஐயோ, எங்க போயிட்டு?"

"எங்கயோ தொலையட்டும். திரும்பி வராது!"

பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். மறுமுனையில், என்ன ஏதென்று விளங்காமலே, அழகரத்தினமும் சிரிக்கத் தொடங்கினான்.