குழாயைத் தாழ்த்தச் சொன்னேன்

தெருக்குழாயைத் திறந்துவிட்டு அதன் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “காத்து நல்லா ஜில்லுனு வருது சார். கொடத்துல புடிச்சித் தரட்டா? ஆபீசுக்கு எடுத்துக்கினு போங்க” என்று சொன்னார் அந்தப் பெண் வார்டு உறுப்பினர். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். குழாயிலிருந்து சீறல் மட்டுமே வந்தது. கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த ஓர் ஊரின் காலனி அது. அவர் கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவர். கணவர் இல்லை. ஒரே மகள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றிய அலுவலகத்தில் பொறியாளர். குடிநீர்க் குழாய்கள் என் பொறுப்பு.

தண்ணீர் வராத காரணம் எனக்குத் தெரியும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் ஊர்த்தெருவைக் கடந்துதான் காலனிக்குப் போகும். ஊர்த்தெருவில் நிலக்காரர்கள் வீடுகளில் குழாயோடு மோட்டாரை இணைத்துத் தண்ணீரை உறிஞ்சினார்கள். அவற்றைக் கழற்ற எனக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் ஆய்வுக்குப் போகும்போதெல்லாம் அந்த வீடுகளில்தான் இளநீர் குடிப்பேன். பொங்கலுக்குக் கரும்புக்கட்டு அங்கிருந்துதான் வரும். ஓய்வு பெறும் வயதில் எதற்குப் பகை என்று நினைத்தேன். “குழாயச் சுத்திப் பள்ளம் தோண்டி, வாயைக் கீழே இறக்கி வச்சுக்குங்கம்மா. தாழ்ந்த இடத்துக்குத் தண்ணி வந்துடும்” என்றேன்.

“தண்ணியும் ஊர்க்காரங்க பக்கந்தானா சார்? நாங்கதான் எறங்கிப் போயி பாக்கணும்” என்றார். ஆனாலும் மறுநாளே தோண்டினார்கள். தண்ணீர் வந்தது. கல்வராயன் மலையிலிருந்து வந்த பலாப்பழத்தில் பாதியைச் சாக்கில் கட்டி, அலுவலகத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். எல்லோருக்கும் சுளை எடுத்துக் கொடுத்து நானும் தின்றேன்.

நான் அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. தொட்டியின் வால்வை அடைத்ததும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். மேலே மோட்டார்கள் ஓடினால் இழுப்பு இன்னும் கூடும். பள்ளத்தில் என்ன தேங்கி இருந்தாலும், அந்தத் திறந்த வாய் வழியே அது உள்ளே போகும். மறுநாள் குடத்தில் வந்து விழும். இது பொறியியல் படித்த எவனுக்கும் தெரிந்த விஷயம். தெரிந்துதான் சொன்னேன்.

மழைக்காலம் வந்தது. கல்வராயன் மலைமேல் கருத்துக்கொண்டிருந்த வானம் கீழேயும் கொட்டியது. சாக்கடை பள்ளத்துக்குள் இறங்கியது. பெண்கள் அதைப் பிளாஸ்டிக் மக்கால் இறைத்துக் கொட்டிவிட்டுத் தண்ணீர் பிடித்தார்கள். தெருவில் பலருக்கு வயிற்றுப்போக்கு. அந்த உறுப்பினரின் மகளை ஷேர் ஆட்டோவில் படுக்கவைத்துக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வரவில்லை. துக்கம் கேட்கப் போனேன். “கொடத்த சரியாக் கழுவாம புடிச்சிட்டேன் போல இருக்குது சார். எங் கையாலயே குடுத்தேன்” என்றார். குடம் இல்லை அம்மா, பள்ளம் என்று சொல்லியிருக்க வேண்டும். “விதிம்மா” என்றேன். பள்ளங்களை மூட உத்தரவு போட்டேன். மோட்டார்களைத் தொடவில்லை. மழை விட்டதும் அவர்களே மறுபடி தோண்டிக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்று இப்போது கள்ளக்குறிச்சியில் கேன் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கிறேன். மகள் இறந்ததற்குத் தன் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டு அந்தத் தாய் வாழ்ந்துகொண்டிருந்தார். சென்ற மழைக்காலத்தில் பஸ் ஏறிப் போனேன். காலனியில் இப்போது வீட்டுக்கு வீடு குழாய். அழுத்தம் இல்லாததால் வீட்டுக்கு வீடு பள்ளம். ஊர்த்தெருவில் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அவர் பள்ளத்துக்குள் குனிந்து கலங்கல் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வயசாயிடுச்சி சார் ஒங்களுக்கு. கண்ணு நல்லாத் தெரியுதா?” என்றார். மேலே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கையில் தப்பில்லை, என் வாயில்தான் தப்பு என்றேன். அவர் இறைப்பதை நிறுத்தவில்லை.

“அப்பவே தெரியுமா சார்?”

“தெரியும்.”

இன்னும் இரண்டு மக் இறைத்துக் கொட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: “இப்ப இத மூடிட்டா தண்ணிக்கு எங்க போறது? அதச் சொல்லுங்க.”

அதற்குள் குழாய் சீறி, தண்ணீர் விழத் தொடங்கியது.

“கொஞ்ச நேரந்தான் வரும் சார். பேசிக்கினு நிக்க முடியாது. கொடத்த வாங்கி மேல வையுங்க.”

நிரம்பிய குடத்தை மேலே நீட்டினார். வாங்கி வைக்க அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. வாங்கி வைத்தேன். அடுத்த காலிக் குடத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்தேன்.